முதல் படத்தை ஊர் விழாவுக்கு அனுப்பும் முன்: தேர்வுக் குழுவிலிருந்து ஒரு வழிகாட்டி

தேர்வுக் குழுவில் உட்கார்ந்து படம் பார்ப்பது என் வேலை. விழா தொடங்குவதற்கு முன் வந்து சேரும் பிரதிகளை அரங்கில் ஓட்டிச் சரிபார்ப்பதும் என் பொறுப்புதான். இந்த இரண்டு இடத்திலும் இருப்பவர்களுக்கு ஒன்று கண்கூடாகத் தெரியும். நல்ல படங்கள் பல, படத்தோடு சம்பந்தமே இல்லாத காரணங்களால் பின்தங்கிப் போகின்றன. லிங்க் திறப்பதில்லை. சப்டைட்டில் படிக்க முடிவதில்லை. பிரிவு மாற்றி அனுப்பியிருப்பார்கள். படம் எடுக்கப் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இதையெல்லாம் சரிசெய்ய ஆகும் உழைப்பு ரொம்பக் கொஞ்சம். முதல் படமோ இரண்டாவது படமோ கையில் இருக்கிறது, சொந்த நாட்டுப் புது இயக்குநர்களுக்காகவே நடக்கும் ஒரு விழாவுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால், இது உங்களுக்காக.

அனுப்பலாமா என்ற கேள்விக்கு என் பதில்: கட்டாயம் அனுப்புங்கள். திரைப்பட விழா என்றாலே கான், வெனிஸ், பெர்லின் என்றுதான் நினைப்பு ஓடுகிறது. அங்கே உலகமே வரிசையில் நிற்கிறது. தலைநகரத்துக்கு வெளியே, ஓர் ஊரின் பெயரைத் தாங்கி நடக்கும் விழாக்களின் கதையே வேறு. சுவிட்சர்லாந்தின் சோலோத்தூர்ன் சின்ன ஊர்தான். 1966 முதல் அந்த நாட்டுப் படங்களுக்கான விழா அங்கேதான் நடக்கிறது. மெக்சிகோவின் மொரேலியாவில் 2003-ல் தொடங்கிய விழாவுக்கு மெக்சிகோவின் புதிய இயக்குநர்கள்தான் உயிர். இன்று உலகத்துக்கே தெரிந்த சன்டான்ஸ், 1978-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில் வேறு பெயரில் சிறிதாக ஆரம்பித்தது. 1989-ல் 26 வயது ஸ்டீவன் சோடர்பெர்க் தன் முதல் கதைப் படத்தோடு அந்த விழாவுக்கு வந்து பார்வையாளர் விருது வாங்கினார். அதே ஆண்டு அந்தப் படத்துக்கே கானின் உச்ச விருதான தங்கப் பனையும் கிடைத்தது.

எல்லோருக்கும் அப்படி நடந்துவிடாது. ஆனால் இந்த மாதிரி விழாக்களில் புதியவர்தான் முக்கிய விருந்தாளி. பெரிய விழாக்களுக்குப் படம் தேடுகிறவர்களும், தயாரிப்பாளர்களும், பத்திரிகைக்காரர்களும் அங்கே வருவதே புது ஆட்களைப் பார்க்கத்தான். பெரிய விழா ஒன்றின் மூலையில் காலை ஒன்பது மணிக் காட்சியாக ஓடுவதைவிட, இங்கே நிறைந்த அரங்கில் மாலைக் காட்சியாக ஓடுவது முதல் படத்துக்கு நிறைய நல்லது செய்யும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

விதிகளைப் படிப்பது

சலிப்பான வேலைதான், தெரியும். ஆனால் விதிகளை முழுசாகப் படிக்காமல் விண்ணப்பத்தைத் தொடாதீர்கள். ‘வளரும் இயக்குநர்’ என்பதற்கு ஒவ்வொரு விழாவிலும் ஒவ்வொரு வரையறை. சில இடங்களில் முதல் முழுநீளப் படம் மட்டும். சில இடங்களில் முதல் இரண்டு படங்கள் வரை. குறும்படம் எத்தனை எடுத்திருந்தாலும் கணக்கில் வராது என்று ஒரு விழா சொல்லும். வயது வரம்பு வைக்கும் விழாவும் உண்டு.

‘இந்த நாட்டுப் படம்’ என்பதும் அப்படித்தான். இயக்குநரின் குடியுரிமையைப் பார்ப்பார்களா, அவர் வாழும் இடத்தையா, தயாரிப்பு நிறுவனம் பதிவான நாட்டையா? வெளிநாட்டில் படித்துக்கொண்டே அங்குள்ள நண்பர்களோடு எடுத்த படம் என்றால் இது பெரிய கேள்வி. விதியில் தெளிவாக இல்லையென்றால் விழா அலுவலகத்துக்கு நாலு வரியில் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பதில் வரும். கேட்டதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

படம் எப்போது முடிந்தது என்பதற்கும் ஒரு எல்லை இருக்கும். கடந்த ஓராண்டு அல்லது இரண்டாண்டுக்குள் முடித்த படங்கள்தான் என்று பெரும்பாலான விழாக்கள் கேட்கும். அதனால் படத்தை முடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று இருக்காதீர்கள்.

முதல் காட்சி யாருக்கு

ப்ரீமியர் விஷயத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். உலகில் முதன்முறையாகத் திரையிடுவது, சொந்த நாட்டுக்கு வெளியே முதல் முறை, நாட்டுக்குள் முதல் முறை, அந்தப் பகுதியில் முதல் முறை என்று படிப்படியாக இருக்கிறது. முழுநீளப் படத்துக்கு இது முக்கியம். பெரிய விழாக்களின் போட்டிப் பிரிவுகள் பெரும்பாலும் உலக முதல் காட்சியையோ, நாட்டுக்கு வெளியே முதல் காட்சியையோதான் கேட்கும். அதனால் எங்கெல்லாம் அனுப்ப ஆசை என்று முதலில் எழுதி, தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் விதியையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நாட்டுக்குள் முதல் காட்சி போதும் என்று சொல்லும் விழா, வெளிநாட்டு விழா ஒன்றுக்கு அப்புறமும் உங்களை ஏற்றுக்கொள்ளும். அந்த வரிசையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

குறும்படத்துக்கு இந்தக் கெடுபிடி பொதுவாகக் குறைவு. ஆனால் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டால் பல விழாக்கள் கதவை மூடிவிடும். விழாச் சுற்று முடியும்வரை யூடியூப் காத்திருக்கட்டும். ஊர்க்காரர்களுக்கும் குழுவினருக்கும் காட்ட வேண்டுமென்றால், நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் வரும் தனிக் காட்சி வையுங்கள். டிக்கெட் விற்காத அந்த மாதிரிக் காட்சியைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. குறும்படம் என்றால் ஆஸ்கர் அகாடமிக்கு டைட்டில் எல்லாம் சேர்த்து 40 நிமிடத்துக்குள். சன்டான்ஸுக்கு 50-க்குள். கான் குறும்படப் போட்டிக்கு 15 நிமிடம்தான். எங்களைப் போன்றவர்கள் குறும்படங்களைத் தனித்தனியாகக் காட்டுவதில்லை. ஒன்றரை மணி நேரத் தொகுப்பாக அடுக்குகிறோம். 12 நிமிடப் படத்துக்கு அதில் இடம் கண்டுபிடிப்பது எளிது. 34 நிமிடப் படத்தை உள்ளே எடுக்க வேண்டுமானால் மூன்று படங்களை வெளியே விட வேண்டும். அந்த மூன்றையும்விட அது ஓங்கி நிற்க வேண்டும். கதைக்கு அந்த நீளம் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், நியாயம்தான். வெட்ட மனசு வரவில்லை என்பதற்காக வைத்திருந்தால், எடிட்டரோடு இன்னொரு முறை உட்காருங்கள்.

லிங்க்கும் சப்டைட்டிலும்

விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஃபிலிம்ஃப்ரீவே போன்ற தளங்கள் வழியாகவோ விழாவின் சொந்தப் படிவம் வழியாகவோ வருகின்றன. சீக்கிரம் அனுப்பினால் கட்டணம் குறைவு, கடைசி நேரத்தில் அதிகம். காசு இல்லையென்றால் சலுகை கேட்கலாம். படம் எதைப் பற்றியது, ஏன் இந்த விழா என்று இரண்டு வரி சேர்த்துப் பணிவாகக் கேட்கும் புது இயக்குநர்களுக்கு நாங்கள் இயன்றவரை விலக்குத் தருகிறோம்.

உங்கள் படத்தை முதலில் பார்ப்பவர் எப்படிப் பார்க்கிறார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரவு நேரம், லேப்டாப், காதில் ஹெட்ஃபோன், வரிசையில் இன்னும் பல படங்கள். எங்கள் குழுவில் ஒரு படத்தைக் குறைந்தது இரண்டு பேர் பார்க்கிறோம். ஒருவர் வேண்டாம் என்றாலும் மற்றவர் அதைப் பிடித்து நிறுத்தலாம். அந்த இரண்டாவது ஆள் ஒரு மாதம் கழித்துத் திறக்கும்போது பாஸ்வேர்டு மாறியிருந்தால்? படத்தை ஏற்றிவைத்த விமியோ தளத்தில் உங்கள் கணக்கின் கெடு முடிந்திருந்தால்? முடிவு வரும்வரை லிங்க்கையும் பாஸ்வேர்டையும் தொடாதீர்கள். புதிய எடிட் வந்தால் அதே லிங்க்கில் மாற்றி ஏற்றுங்கள். அனுப்பும் முன், உங்கள் கணக்கில் நுழையாத வேறொரு கணினியில், அந்த லிங்க்கைத் திறந்து கடைசி நொடிவரை ஓட்டிப் பாருங்கள்.

கலர் கரெக்ஷனோ ஒலி மிக்ஸிங்கோ முடியாத படத்தை அனுப்பலாமா என்று கேட்பார்கள். எடிட் முடிவாகிவிட்டது என்றால் அனுப்பலாம். ஆரம்பத்தில் ஒரு டைட்டில் கார்டில் ‘பின்னணி இசை தற்காலிகம், கலர் முடியவில்லை’ என்று சொல்லிவிடுங்கள். அந்த அளவுக்குக் கற்பனை செய்து பார்க்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. எடிட்டே முடியவில்லை என்றால் அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஒரு முறை பார்த்து நிராகரித்த படத்தைக் குழு இரண்டாம் முறை அதே ஆர்வத்தோடு பார்ப்பது அபூர்வம்.

படத்தின் தொடக்கத்தில் ஐந்தாறு நிறுவன லோகோக்கள், நன்றி அட்டைகள், முன்பு வாங்கிய விருதுகளின் இலைச் சின்னங்கள் எல்லாம் வேண்டாம். படத்துக்குள் நேராக அழைத்துப் போங்கள். நன்றி சொல்லக் கடைசியில் நிறைய இடம் இருக்கிறது.

சப்டைட்டிலுக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். சொந்த நாட்டு விழாதானே, எதற்கு என்று நினைக்காதீர்கள். பல மொழி பேசும் நாடு என்றால் தேர்வாளருக்கே உங்கள் மொழி தெரியாமல் இருக்கலாம். நடுவர்களில் வெளிநாட்டவர் இருக்கலாம். ஒரு வரிக்கு ஏறத்தாழ 40 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், எவ்வளவு சின்ன வசனமானாலும் ஒரு நொடியாவது நிற்க வேண்டும். ஷாட் மாறும் இடத்தைத் தாண்டி வரி தொங்கக் கூடாது. மருத்துவமனைக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெள்ளைப் படுக்கை விரிப்பு, வெள்ளைச் சுவர், வெள்ளை எழுத்து. அம்மா மகனிடம் முக்கியமான ஒன்றைச் சொல்கிறார், எழுத்து விரிப்போடு கரைந்து போகிறது. எழுத்தைச் சுற்றி மெல்லிய கறுப்பு ஓரம் வைத்திருந்தால் அந்தக் காட்சி பிழைத்திருக்கும். மொழிபெயர்ப்பை இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அப்புறம் உங்கள் மொழியே தெரியாத ஒரு நண்பரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படத்தைக் காட்டுங்கள். அவர் முகம் எங்கே குழம்புகிறதோ அந்த வரியைத் திருத்துங்கள். எழுத்துப் பதித்த பிரதியோடு, எழுத்தில்லாத பிரதியையும், சப்டைட்டில் வரிகளும் நேரமும் மட்டும் இருக்கும் எஸ்ஆர்டி கோப்பையும் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த விழா வேறொரு மொழியில் சப்டைட்டில் கேட்கும்.

படத்தில் யாருடைய பாட்டாவது ஓடுகிறதா? ரேடியோவில் பின்னணியில் கேட்பதாக இருந்தாலும் அனுமதி வேண்டும். விழாக்களுக்கு மட்டுமான உரிமை, முழு உரிமையைவிட வழக்கமாக மலிவு. ஆனால் பின்னால் ஓடிடியில் விற்கப்போனால் அது போதாது. முதல் படத்துக்கு நண்பரின் சொந்த இசையே போதும் என்பது என் எண்ணம்.

கூட அனுப்பும் தாள்கள்

கதைச் சுருக்கம் மூன்று அளவில் தயாராக இருக்கட்டும்: ஒரு வரி, ஐம்பது சொல், ஒரு பக்கம். ‘மனித உறவுகளின் சிக்கல்களை ஆராயும் படம்’ என்று எழுதினால் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது என்று எழுதுங்கள். இயக்குநர் குறிப்பில், இந்தக் கதையை ஏன் நீங்கள்தான் எடுக்க வேண்டியிருந்தது என்பதைச் சொல்லுங்கள். அது போதும்.

ஸ்டில் படத்துக்கு யாரும் மெனக்கெடுவதில்லை, எனக்கு அதில் நிஜமான வருத்தம். விழாக் கையேடு, சுவரொட்டி, செய்தித்தாள் எல்லாவற்றிலும் போகப்போவது அந்த ஒரு புகைப்படம்தான். வீடியோவிலிருந்து பிடித்த மங்கலான ஃபிரேமை அனுப்பாதீர்கள். படப்பிடிப்பிலேயே ஸ்டில் கேமராவோடு ஒருவரை நிறுத்துங்கள். கிடைமட்டமாக, முகம் தெரிகிற மாதிரி, மேலே எழுத்து எதுவும் இல்லாமல், அச்சடிக்கும் அளவுக்குப் பெரிதாக நாலைந்து படங்கள் போதும்.

ஏமாறாமல் இருக்க

மாதாமாதம் இணையத்தில் மட்டும் நடந்து, கட்டணம் வாங்கிக்கொண்டு டஜன் கணக்கில் விருது தரும் ‘விழாக்கள்’ நிறைய முளைத்திருக்கின்றன. அனுப்பும் முன் பாருங்கள்: நிஜமான அரங்கம் உண்டா? கடந்த ஆண்டுகளின் நிகழ்ச்சி நிரல் கிடைக்கிறதா? நடுவர்கள் பெயர் சொல்லியிருக்கிறார்களா? கோப்பைக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்களா? முன்பு அங்கே படம் காட்டிய ஓர் இயக்குநரைத் தேடிப் பிடித்து எத்தனை பேர் வந்தார்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி விழாக்கள் கழன்றுவிடும்.

தேர்வான பிறகு டிசிபி

மின்னஞ்சல் வந்ததும் அன்றே பதில் போடுங்கள். உங்கள் இடத்துக்குக் காத்திருப்புப் பட்டியலில் வேறு படங்கள் இருக்கின்றன. அடுத்து டிசிபி கேட்பார்கள். அரங்கத் திரையிடலுக்கான கோப்புத் தொகுப்பு அது. செய்து தர நிறுவனங்கள் உண்டு. பணம் இல்லையென்றால் டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே செய்யலாம். 2கே என்ற வழக்கமான அளவில், ஃபிளாட் எனப்படும் சாதாரண அகலப் படத்துக்கு 1998×1080 பிக்சல், ஸ்கோப் எனப்படும் இன்னும் அகலமான படத்துக்கு 2048×858. வேகம் நொடிக்கு 24 ஃபிரேம். 25-ல் எடுத்த படத்தை 24-க்கு இறக்கினால் 100 நிமிடப் படம் 104 நிமிடமாகும். ஒலியையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் உதடு ஒருபக்கம் பேச்சு ஒருபக்கம் என்று ஆகிவிடும். சின்ன விழாவுக்குப் பூட்டுப் போட்ட டிசிபி வேண்டாம். அதற்குத் தனிச் சாவிக் கோப்பு வேண்டும், அது குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும், காட்சி நேரம் மாறினால் திரை கறுப்பாகவே நிற்கும்.

வெளிச்சம் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். சினிமாத் திரையின் வெள்ளை சுமார் 48 நிட்ஸ்தான். உங்கள் லேப்டாப்போ 300-ஐத் தாண்டும். எடிட் அறையில் அழகாகத் தெரிந்த இரவுக் காட்சியில், அரங்கத்தில் இரண்டு கண்கள் மட்டும் மின்னும். இருட்டு அறையில், திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவைத்துக் கலர் பாருங்கள். முடிந்தால் ஏதாவது ஓர் அரங்கில் காட்சி இல்லாத காலை நேரத்தில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் பல ஆபரேட்டர்கள் மனமுவந்து செய்வார்கள்.

ஒலியில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வீட்டில் ஸ்டீரியோவில் மிக்ஸ் செய்த படத்தில் வசனம் இடது, வலது இரண்டு ஸ்பீக்கரிலும் சமமாகப் போகிறது. ஹெட்ஃபோனில் அது நடுவில் கேட்கும். அரங்கத்தில் நடு வரிசையில் உட்கார்ந்தாலும் சரியாகத்தான் இருக்கும். எழுந்து இடது ஓர நாற்காலிக்குப் போங்கள். நாயகி திரையின் நடுவில் நிற்கிறாள், குரலோ திரையின் இடது ஓரத்திலிருந்து வருகிறது. பிரதி சரிபார்க்கும்போது நான் முதலில் போய் உட்காருவது அந்த ஓர நாற்காலியில்தான். திரைக்குப் பின்னால் நடுவில் ஒரு ஸ்பீக்கர் இருப்பதே வசனத்துக்காகத்தான். நடு ஸ்பீக்கரும் சுற்று ஸ்பீக்கர்களும் சேர்ந்த 5.1 மிக்ஸ் செய்ய முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் வசனத்தை மட்டுமாவது நடுச் சேனலுக்குக் கொடுக்கச் சொல்லி ஒலிப் பொறியாளரிடம் கேளுங்கள். வசன டிராக்குகள் தனியாகப் பிரித்து இருந்தால் ஒரு நாள் வேலை அது.

அரங்கில்

உங்கள் காட்சிக்கு முன் பிரதியைச் சரிபார்க்க நேரம் தரச் சொல்லிக் கேளுங்கள். முதல் இரண்டு நிமிடம், ரொம்ப இருட்டான காட்சி, ரொம்பச் சத்தமான காட்சி, சப்டைட்டில் நெருக்கமாக வரும் காட்சி, இவ்வளவு பார்த்தால் போதும். புரொஜெக்ஷன் அறையில் இருப்பவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அன்று உங்கள் படம் முழுக்க அவர் கையில்தான்.

படம் முடிந்ததும் கேள்வி பதில் நடக்கும். சுருக்கமாகப் பேசுங்கள். ‘இந்தக் காட்சிக்கு என்ன அர்த்தம்’ என்று ஒருவர் கேட்டால், அர்த்தம் சொல்லாமல் அதை எப்படி எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். அரங்கம் அதைத்தான் விரும்பிக் கேட்கும். நடிகர்களில் ஒருவரை அழைத்து வர முடிந்தால் அழைத்து வாருங்கள்.

மற்ற நாட்களில் ஹோட்டலில் உட்காராமல் மற்றவர்களின் படங்களைப் பாருங்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். உங்களைப் போலவே முதல் படத்தோடு வந்தவர்கள்தான் அடுத்த பத்தாண்டுக்கு உங்கள் ஒளிப்பதிவாளர்கள், எடிட்டர்கள், சக தயாரிப்பாளர்கள். பெரிய தயாரிப்பாளரைத் தேநீர் வரிசையில் மடக்கிக் கதை சொல்வதைவிட, அவர் பக்கத்து இருக்கையில் ஒரு படம் பார்த்து, முடிந்ததும் அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுங்கள். அவரே ‘நீங்கள் என்ன செய்கிறீர்கள்’ என்று கேட்பார். அதற்குச் சொல்ல அடுத்த படத்தின் ஒரு வரிக் கதை கையில் இருக்க வேண்டும்.

விநியோகஸ்தரோ விற்பனை முகவரோ அங்கேயே ஒப்பந்தத் தாளை நீட்டினால் கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள். எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த நாடுகளுக்கு, செலவு எவ்வளவு கழிப்பார்கள், எப்போது கணக்குக் காட்டுவார்கள் என்ற நாலு விஷயத்தையும் ஊருக்குத் திரும்பி வந்து விவரம் தெரிந்தவரோடு படியுங்கள்.

தேர்வாகவில்லை என்றால், காரணம் கேட்டு எழுதுவதில் பெரிய பயன் இல்லை. கதையில் கிட்டத்தட்ட அதே போன்ற இன்னொரு படம் முன்பே இடம் பிடித்திருக்கலாம். தொகுப்பில் நேரம் போதாமல் இருந்திருக்கலாம். அப்படி வெளியே போன படங்களுக்காக நாங்கள் குழுவில் சண்டை போட்டதும் உண்டு. ஒரு வரி நன்றி மட்டும் எழுதிவிட்டு, பட்டியலில் அடுத்த விழாவின் கடைசித் தேதியைப் பாருங்கள். அடுத்த படம் முடிந்ததும் அதே விழாவுக்குத் தயங்காமல் அனுப்புங்கள். முந்தைய படத்தைப் பார்த்த யாராவது ஒருவர் குழுவில் அப்போதும் இருப்பார், உங்கள் பெயரைப் பார்த்ததும் அந்த லிங்க்கை அவர்தான் முதலில் திறப்பார்.